ஒரு முற்பகல் மேஜையாக இருந்தவர்

"டாக்டரா நான் முப்பது நாப்பது வருஷம் இருந்தேன். அதுல என்ன இருக்கு, யார் வேணா இருக்கலாம். ஆனா ஒரு நாள் காலையில நான் ஆபரேஷன் மேஜையா இருந்தேன். இந்த தன்யூப் ஆத்தங்கரை முழுக்கத் தேடுங்க, அப்படி இன்னொருத்தன் கெடைக்க மாட்டான்."

சொல்லிவிட்டு டாக்டர் திகோமிர் மீன் குழம்பில் ரொட்டியை முக்கினார். அன்று படகுக்காரர்களைக் காக்கும் புனித நிக்கோலாவின் நாள். ஃபுடோக் ஊரில் ஸ்ரெதென் வீட்டில் மேஜைகளை ஒட்டிப் போட்டு, பாதித் தெரு வந்து உட்கார்ந்திருந்தது. இந்த விருந்துக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வரவேண்டியவர்கள் வந்துவிடுவார்கள். திகோமிர் வருஷம் தவறாமல் வருவார், வருஷம் தவறாமல் இதைச் சொல்வார். எதிரே உட்காரும் எக்ஸ்ரே டாக்டர் வுகாஷின், அதே ஒழுங்கோடு, பிளம் சாராயக் கோப்பையைப் பார்த்தபடியே, "அப்படி ஒண்ணும் நடக்கல," என்பார்.

திகோமிர் பேச்சை அப்படியே நம்புகிறவர் யாரும் கிடையாது. மயக்க மருந்து டாக்டராக இருந்த காலத்தில் தன் குரலைக் கேட்டே நோயாளிகள் தூங்கிவிடுவார்களாம், ஊசி வெறும் மரியாதைக்குத்தானாம். ஒரு தடவை அவர் கொட்டாவி விட்டதில் சர்ஜன் முதல் தரை துடைப்பவர் வரை ஆபரேஷன் அறையே குறட்டை விட்டதாம். பொய் சொல்லாதது அவர் வயிறு ஒன்றுதான். அது அறைக்குள் வந்து, நலம் விசாரித்து, நாற்காலி பார்த்து உட்கார்ந்த பிறகுதான் மீதி திகோமிர் வாசலைத் தாண்டுவார். ஆனால் மேஜைக் கதையைச் சொல்லும்போது மட்டும் ஒரு மாற்றம் உண்டு. கை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருக்கும், தின்னாது.

கதை ஸ்ரெதெனின் மகள் கொசாராவுக்கு ஆறு வயதானபோது நடந்தது.

அந்தக் குளிர்காலத்தில் குழந்தைக்கு இருமல் பிடித்தது. எங்கள் பக்கத்தில் இருமலுக்கு, பல்வலிக்கு, முதுகுப் பிடிப்புக்கு, நின்றுபோன கல்யாணத்துக்குக்கூட ஒரே காரணம்தான்: குறுக்குக் காற்று. ஜன்னலும் கதவும் சேர்ந்தாற்போல் திறந்திருந்தால் ஒரு குடும்பமே படுக்கையில் விழுந்துவிடும். அம்மா ரூஷா ஜன்னல்களை மூடினாள், சாவித் துவாரத்தில் பஞ்சை அடைத்தாள். மகளின் நெஞ்சில் பன்றிக் கொழுப்பைத் தடவி, சாராயத்தில் நனைத்த துணியைச் சுற்றினாள். இரவில் அப்பாவின் வயிற்றின் மேல் குப்புறப் படுக்கவைத்தாள். ஸ்ரெதென் மணல் படகில் வேலை செய்கிறவன். திகோமிருக்குச் சமமான வயிறு, ரொட்டி அடுப்பு மாதிரி சூடு. குழந்தை அங்கே மட்டும்தான் தூங்கினாள். கட்டிலில் கிடத்தினால் அடுத்த நிமிஷம் எழுந்து உட்கார்ந்துகொண்டு இருமினாள். செல்லம், அப்பா சூடு பழகிப்போச்சு என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஒரு காலையில் அவள் முகம் வீங்கியிருந்தது. கழுத்துப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. நகரத்தில் இருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வுகாஷின் எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே சாண்ட்விச் தின்கிற ஆள். நொறுங்கின எலும்பு, விழுங்கின சாவி, எதைப் பார்த்தாலும் மெல்வதை நிறுத்த மாட்டார். அன்று சாண்ட்விச்சைக் காகிதத்தில் திரும்பச் சுற்றி மேஜையில் வைத்தார். திகோமிரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நெஞ்செலும்புக்குப் பின்னாடி பாரு. இன்னொரு கட்டி, முஷ்டி அளவு. அவ முஷ்டி இல்லடா, உன் முஷ்டி. மூச்சுக்குழாய் அதுக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல மாட்டி நூலா நசுங்கிக் கெடக்கு."

திகோமிர் பார்த்தார். அவருடைய கிண்டல் எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டது.

"இவளுக்கு மயக்கம் குடுத்தா இவ எழுந்திரிக்க மாட்டா," என்றார் வுகாஷின். "நீ இல்ல, உன் வாத்தியாரே வந்து குடுத்தாலும்."

அது தற்பெருமையும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. மயக்கத்தில் உடம்பு தளரும். அதுவரை நெஞ்சுக்கூடு தாங்கிப் பிடித்திருந்த கட்டி, தளர்ந்ததும் மூச்சுக்குழாய்மேல் அப்படியே உட்காரும். வாய் வழியாகக் குழாய் இறக்கலாம்தான். ஆனால் நசுக்கல் இருந்தது குழாயின் நுனி போய்ச் சேரும் இடத்துக்கும் கீழே. எந்திரம் எவ்வளவு காற்றை அடித்தாலும், பூட்டிய கதவின்மேல் காற்று வீசிய கதைதான். அதற்காக விட்டுவிடவும் முடியாது. கழுத்துக் கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பார்த்தால்தான் இது என்ன நோய் என்று தெரியும். தெரியாமல் மருந்தைக் கொடுத்தால் கட்டி சுருங்கும், நோயின் பெயரும் சேர்ந்து கரைந்துபோகும், பிறகு சரியான வைத்தியம் பார்க்க முடியாது. காத்திருக்கவும் வழியில்லை. நேற்றைவிட இன்று முகம் இன்னும் வீங்கியிருந்தது.

ஆக, அவள் தானாக மூச்சு விடவேண்டும். மல்லாக்கப் படுக்கக் கூடாது. அதே நேரம் கழுத்தில் கத்தி வைக்கும்போது துள்ளவும் கூடாது. மரப்பு ஊசி போட்டாலும், ஆறு வயதுக் குழந்தை முகமூடி போட்டவர்களைப் பார்த்தால் வீறிடும். வீறிட்டு அழுதாலே அந்த நூல் குழாய் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் மயங்கவேண்டும், மயங்கிவிடக் கூடாது. ஊரையே கொட்டாவியில் தூங்கவைத்தவரிடம் வந்து, பாதித் தூக்கம் கொடு, ஒரு சொட்டு கூடினால் குழந்தை போய்விடும் என்றார்கள்.

சர்ஜன் டெஸாங்கா ஒல்லியான மனுஷி. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அன்று அவருக்குப் பண்டிகை. அவர் திகோமிரிடம் கேட்டது ஒன்றுதான், உட்கார்ந்தபடியே வைத்திருக்க முடியுமா என்று. முடியும் என்றார் திகோமிர்.

முதலில் ரூஷாவிடம் பேசினார். எந்த மயக்க மருந்து டாக்டரும் கேட்கும் கேள்வி அது.

"ராத்திரி எப்படிம்மா படுக்கிறா?"

"அவங்கப்பா வயித்து மேல, டாக்டரய்யா. குப்புற. சூட்டுக்குத்தான். குறுக்குக் காத்து பட்டுருச்சுல்ல."

திகோமிர் புரிந்த மாதிரி தலையசைத்தார். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர், ஆகஸ்ட் வெயிலில் பஸ்ஸில் எவனாவது ஜன்னலைத் திறந்தால் கழுத்தில் துணி சுற்றிக்கொள்கிறவர். குறுக்குக் காற்று, சூடு, வயிறு. எல்லாம் இயல்பாகத்தான் பட்டது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கையைப் பிடித்துக்கொள்ள அப்பா உள்ளே வரலாம் என்று ஏற்பாடு. ஸ்ரெதென் பச்சை அங்கியைக் கிழியக் கிழியப் போட்டுக்கொண்டு வந்தான். குழந்தையின் புறங்கையில் ஊசி ஏறி, ஒரு பொட்டு ரத்தம் தெரிந்தது. அவ்வளவுதான். மணல் மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு சத்தம். தன்யூப் வெள்ளத்தில் படகைத் திருப்பிய ஆள் தரையில் கிடந்தான். வழியோடு போன வுகாஷினைப் பிடித்து, வெளி நடையில் பெஞ்சில் போட்டுக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

"எங்கப்பா செத்துட்டாரா?" என்று கேட்டாள் கொசாரா, ரொம்ப அமைதியாக.

"தூங்குறாரு," என்றார் திகோமிர். "நான் இன்னும் ஊசியே போடல. அவருக்கு அவ்ளோ அவசரம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. உதடு லேசாக நீலம் பாய்ந்தது. பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மேஜையின் முதுகுப் பக்கத்தை நாற்காலி போல நிமிர்த்தி, தலையணை வைத்து, அவளைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். நர்ஸ் ஸ்பொமென்கா விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினாள். பீப், பீப் என்று அந்தப் பெட்டி கூவத் தொடங்கியது. அந்தக் கூவலின் சுருதியில்தான் இனி எல்லோருடைய உயிரும். சுருதி உயர்ந்திருந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. இறங்கினால் குறைகிறது. திகோமிர் மருந்தை எறும்புக்கு ஊட்டுவதுபோலக் கொடுத்தார். கொஞ்சம். பார்த்தார். இன்னும் கொஞ்சம். அவள் கண் செருகியது, மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. டெஸாங்கா கழுத்தில் மரப்பு ஊசி போட்டார். துள்ளவில்லை. சுருதி உயரத்திலேயே நின்றது. திகோமிர் மனசுக்குள் அடுத்த வருஷத்துப் பெருமையை எழுத ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் தலையணை நழுவியது.

அதிகம் இல்லை. மயக்கத்தில் தளர்ந்த குழந்தை மெல்லக் கீழே சரிந்து, தலை பின்னால் சாய்ந்தது. அவ்வளவே. வயிறு எழும்பும்போது நெஞ்சு உள்ளே அமுங்கியது, வயிறு அமுங்கும்போது நெஞ்சு எழும்பியது. உள்ளே காற்று போகவில்லை. பீப் சத்தம் ஏணியில் இறங்குவதுபோல ஒவ்வொரு படியாக இறங்கியது. திகோமிர் அவளைத் தூக்கி உட்காரவைத்தார். இறங்கியது. ஆக்சிஜன் முகமூடியை அவள் முகத்தில் இறுக்கி வைத்துக் காற்றடிக்கும் பையை அமுக்கினார். பை கல்லாக இருந்தது. டெஸாங்கா கத்தியை வைத்துவிட்டு, நசுக்கலைத் தாண்டித் தள்ளுகிற இரும்புக் குழாயைக் கையில் எடுத்தார். அதை அந்த நூல் குழாய்க்குள் தள்ளினால் கிழியலாம். கிழிந்தால் அதோடு சரி. இருவருக்கும் அது தெரியும். ஸ்பொமென்கா ஏதோ ஒரு புனிதரின் பெயரை முணுமுணுத்தாள். கொசாராவின் நகம் ஊதா ஆகியிருந்தது.

திகோமிரின் காதில் அப்போது ரூஷாவின் குரல் கேட்டது. குப்புற. சூட்டுக்குத்தான்.

சூடு இல்லை.

சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாரக்கணக்கில் அந்தக் குழந்தை அப்பாவின் வயிற்றின் மேல் ஏறிக் குப்புறப் படுத்தது, அப்படிப் படுத்தால் கட்டி முன்பக்கம் தொங்கிக் குழாயை விட்டு விலகுகிறது என்பதால். உடம்பு தானே கண்டுபிடித்த வைத்தியம். நாங்கள் எல்லோரும் அதற்குக் குறுக்குக் காற்று என்று பெயர் வைத்துவிட்டோம்.

அவளைக் குப்புறத் திருப்பினார். மேஜை கட்டாந்தரை மாதிரி. வயிறும் நெஞ்சும் அமுங்க, கழுத்துக் கட்டி அடியில் மறைந்தது. சுருதி ஒரு படி ஏறி, தயங்கி, நின்றது. கீழே மெத்தென்று, சரிவாக, பெரிதாக ஒன்று வேண்டும். தலை மேலே இருக்கவேண்டும், முகம் பக்கவாட்டில். அப்படி ஒரு பொருள் எந்த ஆஸ்பத்திரிக் கிடங்கிலும் இல்லை. ஒன்று நடையில் மூர்ச்சை போட்டுக் கிடந்தது. இன்னொன்று அவரிடமே இருந்தது.

"டெஸாங்கா, இவளைப் பிடி."

செருப்பை உதறினார். சாய்ந்திருந்த அந்த மேஜையின் மேல் ஏறி மல்லாந்தார். குழந்தைகளுக்காகச் செய்த மேஜை, கிறீச்சிட்ட சத்தம் ஆறு தாண்டிக் கேட்டதாக இன்றைக்கும் சொல்வார். ஸ்பொமென்காவும் டெஸாங்காவும் கொசாராவை அவர் வயிற்றின் மேல் குப்புறக் கிடத்தினார்கள். கன்னம் அவர் தோளில். கட்டி இருந்த பக்கத்துக் கழுத்து மேலே பார்த்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று திகோமிரைக் கேட்டால், அதற்குள் தன் தலையில் பாதி நரைத்துவிட்டது என்பார். பிறகு அவர் கழுத்தோரம் ஈரமாக, வெதுவெதுப்பாக ஒரு காற்று பட்டது. நின்றது. இன்னொன்று. அவர் வயிற்றின் மேல் ஒரு சின்ன நெஞ்சு விரிந்து சுருங்கியது, மூட்டைக்குள் மாட்டின பூனைக்குட்டி மாதிரி.

பீப் ஒரு படி ஏறியது.

"வெட்டு," என்றார் திகோமிர்.

டெஸாங்கா அவரையும் குழந்தையையும் சேர்த்துப் பச்சைத் துணியால் மூடினார். கழுத்துப் பக்கத்தில் மட்டும் ஜன்னல் போல ஒரு வட்டம். துணிக்கு அடியில் இருட்டு, மருந்து வாசம், பன்றிக் கொழுப்பு வாசம். திகோமிருக்கு இனி பெட்டியின் கூவல்கூடத் தேவையில்லை. ஒவ்வொரு மூச்சும் அவர் உடம்பிலேயே வந்து அடித்தது. அடுத்தது வருமா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் வராது என்றே நினைத்தார். சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அவர் மூச்சு இழுத்தால் குழந்தை மேலே போனாள், விட்டால் கீழே வந்தாள். டெஸாங்காவின் கத்தி முனைக்குக் கீழே கழுத்து, அலையில் கிடக்கிற படகு போல ஏறி இறங்கியது.

"மூச்சு விடாத," என்றார் டெஸாங்கா.

"எவ்ளோ நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

"அப்புறம் எனக்கு ஒருத்தன் மயக்கம் தெளிய வைக்கணும்."

"பேசாத. மேஜை பேசாது."

அப்படித்தான் நடந்தது என்கிறார் திகோமிர். டெஸாங்கா சொன்னபோது மூச்சைப் பிடித்தார், சொன்னபோது விட்டார். சலவைக்கல் மாதிரி அசையாமல் கிடந்தாராம். தன்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்து, கல் என்று நினைத்துத் தூங்கிவிட்டதாம். அவரவர் மனசுக்குத் தகுந்தபடி கழித்துக்கொள்ளலாம். துண்டு எடுத்தாயிற்று. டெஸாங்கா தையல் போட்டார். மருந்து தெளிய ஆரம்பித்தபோது கொசாரா கண்ணைத் திறக்காமலே அவர் மார்பை மோந்து பார்த்துவிட்டு, "நீ எங்கப்பா இல்ல," என்றாள். ஆனால் இறங்கவில்லை. அப்படியே தூங்கினாள், நல்ல தூக்கம். அவளை இறக்க அவருக்கும் துணிச்சல் வரவில்லை. அந்த மேஜையிலேயே, துணி மூடியபடி, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை இருவரையும் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது. மருந்து கிடைத்தது. அதற்கப்புறம் முடி கொட்டிய ஒரு நெடிய காலம், அது வேறு கதை, அதில் திகோமிருக்குப் பங்கில்லை என்பதால் அவர் சொல்வதும் இல்லை. கொசாரா இப்போது முட்டைக்கோஸ் லாரி ஓட்டுகிறாள். இந்த விருந்து மேஜையின் கோடியில் உட்கார்ந்து மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி ஒண்ணும் நடக்கல," என்றார் வுகாஷின், வழக்கம் போல.

எல்லோரும் வழக்கம் போலச் சிரித்தார்கள். வுகாஷினின் மறுப்புக்குக் காரணம் வீம்புதான். எழுந்திரிக்க மாட்டாள் என்று அவர் சொன்னவள் கண்ணெதிரே உட்கார்ந்து மீன் தின்கிறாள். ஒப்புக்கொண்டால் திகோமிரின் தலைக்கனத்துக்கு இந்த வீட்டுக் கதவு போதாது. இத்தனை வருஷமும் டெஸாங்காவும் இதே மேஜையில் இருந்தார். கேட்டால், குழந்தை உயிரோட இருக்கா, அப்புறம் என்ன, என்று முடித்துக்கொள்வார். போன வசந்தத்தில் அவர் இறந்துபோனார். ஸ்பொமென்கா ஜெர்மனிக்குப் போனவள் போனவள்தான்.

இந்த வருஷம் ஸ்ரெதென் சிரிக்கவில்லை. விருந்து வைக்கிறவன் உட்காரக் கூடாது என்பதால் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவன், சாராயக் குப்பியைக் கீழே வைத்தான். அவனுக்குப் பின்னால் புனித நிக்கோலாவின் படத்துக்கு முன் பெரிய மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

"டாக்டர் வுகாஷின்," என்றான். "என் பொண்ணு செத்துப் பொழைச்ச நேரத்துல நான் தரையில கெடந்தேன். அவ பக்கத்துல இருக்க வேண்டியவன் நான். இவர் சொல்றதுல எது நெசம், எது புளுகுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. சிரிச்சிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருக்கேன். கேக்குறதுக்கு இனிமே வேற ஆள் இல்ல. என் இடத்துல யாராவது அவளுக்கு அடியில இருந்தாங்களா, இல்லையா?"

திகோமிர் பிய்த்து வைத்த ரொட்டித் துணுக்குகளைப் பார்த்தார். வுகாஷின் இப்போதும் இல்லை என்று சொல்லிவிடுவானோ என்று அவருக்குப் பயம்.

வுகாஷின் கோப்பையைத் தள்ளி வைத்தார். மீசையைத் துடைத்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்தார், கொசாராவைப் பார்த்தார்.

"உனக்கு நெனவு வந்ததும், அவ என்ன ஆனான்னு பாத்துட்டு வான்னு என்னைத்தான் அனுப்புன. ஞாபகம் இருக்கா?" என்றார். "கதவுல ஒரு வட்டக் கண்ணாடி உண்டு. எட்டிப் பாத்தேன். பச்சைத் துணிக்கு அந்தக் கோடியில ஆம்பளைக் கால் ரெண்டு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு காலுறை பழுப்பு, ஒண்ணு நீலம். நீலத்துல ஓட்டை, கட்டைவிரல் வெளிய."

"ரெண்டும் கறுப்பு," என்றார் திகோமிர், பலவீனமாக.

"சலவைக்கல்லாம். அந்த விரல் நடுங்குன நடுக்கத்துல மேஜையே உதறிக்கிட்டு இருந்துச்சு. டெஸாங்கா இடது கையால அந்தக் காலை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு வலது கையால தையல் போட்டா." வுகாஷின் கோப்பையை எடுத்தார், குடிக்கவில்லை. "நடந்துச்சு, ஸ்ரெதென். நான் பாத்தேன்."